கேளுங்கள், சொல்கிறோம்: இந்த மாதம் முழுக்க மிலான் பேராயர்

போன இதழில் பாஷையூர் வாசகி ஒருவர், தன் பேரனுக்கு ஞானஸ்நானத்தில் சாள்ஸ் என்று பெயர் வைத்திருப்பதாகவும், அந்தப் பெயருக்குரிய அர்ச்சிஷ்டவர் யார் என்றும் கேட்டிருந்தார். சாள்ஸ் பொரோமியோ, 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் மிலான் நகரத்துப் பேராயர், கொள்ளைநோய் வந்தபோது சனத்தை விட்டு ஓடாமல் நின்றவர், திருநாள் நவம்பர் 4 என்று நாலு வரியில் பதில் போட்டோம். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று யார் கண்டது? நவம்பர் 2-இல் சேமக்காலைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தி வருகிற களைப்பில் 4-ஆம் திகதியை நம் ஊரில் யாரும் கவனிப்பதில்லை என்றுதான் இருந்தேன். சரி, விசா கேள்விகளும் சீனி விலைக் கேள்விகளும் அடுத்த மாதம் வரை பொறுக்கட்டும்.

கேள்வி: அவருடைய மாமன் பாப்பரசராம், அவர்தான் இவரைக் கர்தினால் ஆக்கினாராம். அரசியல்வாதி தன் ஆட்களுக்கு வேலை போட்டுக் கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? (மல்லாகம் வாசகர்)

பதில்: ஒரு வித்தியாசமும் இல்லை. 1559 டிசம்பர் கடைசியில் தாய்மாமன் ஜொவானி ஆஞ்சலோ மெதிச்சி பாப்பரசராகி நான்காம் பயஸ் என்று பெயர் வைத்துக்கொண்டார். (புளோரன்சின் பெரிய மெதிச்சிகள் இல்லை இவர்கள், மிலான் பக்கத்து வேறு குடும்பம்.) ஒரு மாதம் கழித்து, 1560 ஜனவரி 31-இல், 21 வயது மருமகன் கர்தினால். பெடியன் அப்போது குருப்பட்டம்கூடப் பெறவில்லை. பாவியாவில் சட்டம் படித்துப் பட்டம் வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அடுத்த மாதமே மிலான் மறைமாவட்டத்தின் நிர்வாகமும் கைக்கு வந்தது, ஆனால் இருப்பு ரோமாபுரியில். அதற்கும் முன்பு, 12 வயதிலேயே, பிறந்த ஊரான அரோனாவில் ஒரு மடத்தின் வருமானம் அவர் பெயருக்கு எழுதப்பட்டிருந்தது. மடத்தின் செலவு போக மிஞ்சுவது ஏழைகளின் காசு, அதை வீட்டுச் செலவில் கலக்கக்கூடாது என்று அந்த வயதில் தகப்பனிடம் சொன்னார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் எல்லாரும் எழுதுகிறார்கள். அது உண்மையானால் தகப்பனுக்கு நல்ல தலையிடிதான்.

ரோமாபுரியில் முதல் சில வருடம் அவர் ஒரு பிரபு வீட்டுப் பிள்ளை மாதிரித்தான் வாழ்ந்தார். வேட்டை பிடிக்கும், இசை பிடிக்கும், பரிவாரமும் பெரிது. ஆனால் வேலையில் கள்ளம் இல்லை. மாமனுடைய கடிதப் போக்குவரத்து முழுவதும் இவர் மேசையால்தான் போனது. திருப்பம் 1562 நவம்பரில் வந்தது. தமையன் பெதெரிகோ திடீரென்று இறந்துபோனார். வீட்டில் இனி ஆண் வாரிசு இவர்தான், குருப்பட்டம் பெறாதவர் என்பதால் கர்தினால் பதவியை விட்டுக் கலியாணம் செய்யலாம், சொத்தையும் பட்டத்தையும் காப்பாற்றலாம் என்று சொந்தக்காரர்கள் நெருக்கினார்கள். அவர் 1563-இல் குருப்பட்டம் பெற்றார், அதே வருடம் டிசம்பர் 7-இல் ஆயர் அபிஷேகமும் பெற்றார். அன்றைக்கு மிலானின் பழைய ஆயர் அர்ச்சிஷ்ட அம்புரோசியாருடைய திருநாள். அதோடு கலியாணக் கதை முடிந்தது.

ஆகவே மல்லாகம் ஐயா, பதவி வந்த வழி நீங்கள் சொல்கிற வழிதான். அதே வழியால் கதிரை கிடைத்த மற்ற மருமகன்மார் பலர் சாகும்வரைக்கும் ரோமாபுரியில் சொகுசாக இருந்தார்கள். இவர் மாமனிடம் கெஞ்சிக் கூத்தாடி மிலானுக்குப் போக அனுமதி வாங்கினார்.

கேள்வி: உயர்தரத்தில் ஐரோப்பிய வரலாறு படிக்கிறேன். திரெந்து பொதுச்சங்கம் என்றால் லூதருக்கு மறுப்பு என்று குறிப்பில் ஒரு வரிதான் இருக்கிறது. பொரோமியோ அதில் உண்மையாகவே என்ன செய்தார்? (இளவாலை மாணவி)

பதில்: ஒரு வரிக்குள் அடங்குகிற காரியம் இல்லை பிள்ளை. ஜெர்மனியில் லூதர் திருச்சபையை எதிர்த்துப் புரட்டஸ்தாந்து இயக்கத்தைத் தொடங்கியது 1517. அதற்குப் பதில் சொல்லக் கத்தோலிக்க ஆயர்மார் திரெந்து என்ற ஊரில் சங்கம் கூடியது 1545. அதுவே 28 வருடப் பிந்தல். கூடினதும் ஒரே இருப்பாக இருந்து முடிக்கவில்லை: 1545 தொடங்கி 1563 வரை மூன்று தவணையாக, இடையில் போர், நோய், அரசர்மாரின் இழுபறி. கடைசித் தவணையில் பொரோமியோ சங்கத்தில் இருக்கவில்லை. ரோமாபுரியில் மாமன் பக்கத்தில் இருந்துகொண்டு, திரெந்தில் இருந்த பாப்பரசரின் பிரதிநிதிகளுக்கு ஓயாமல் கடிதம் எழுதி, குழம்பப் போன சங்கத்தைக் குழம்பாமல் முடித்து வைத்ததில் பெரிய பங்கு அவருடையது. பிறகு 1566-இல் வெளிவந்த ரோமன் ஞானோபதேச நூலைத் தயாரித்த வேலையிலும் அவர் கை இருக்கிறது.

ஆனால் பரீட்சைக்கு எழுத வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது என்று நான் சொல்வேன். சங்கம் போட்ட சட்டங்களில் மிகச் சாதாரணமாகத் தெரிகிறது ஒன்று: ஆயர் தன் மறைமாவட்டத்தில் குடியிருக்க வேண்டும். இதற்கு ஒரு சட்டமா என்று சிரிக்காதே. மிலானில் சுமார் 80 வருடமாகப் பேராயர் ஒருவரும் குடியிருக்கவில்லை. பட்டம் ஒருவருக்கு, வருமானம் அவருக்கு, அவர் இருப்பது வேறு ஊரில். மேலே ஆள் இல்லாத இடத்தில் கீழே என்ன நடக்கும்? பூசை சொல்லத் தெரியாத குருமார், பெண்சாதி பிள்ளையோடு இருந்த குருமார், தானியம் அடுக்கி வைத்த கோயில்கள். லூதரின் ஆட்கள் சொன்ன குற்றச்சாட்டில் பாதி இதுதான்.

1565 செப்டம்பர் 23-இல் பொரோமியோ மிலானுக்குள் வந்தார். அந்த டிசம்பரில் மாமன் சாகக் கிடக்க ரோமாபுரிக்குப் போய், அடுத்த பாப்பரசர் தெரிவு முடிந்து 1566-இல் திரும்பி வந்தவர், பிறகு சாகும்வரை மிலான்காரர்தான். வந்தவர் சும்மா இருக்கவில்லை. மாகாணச் சங்கம் 6, மறைமாவட்டச் சங்கம் 11 கூட்டினார். அல்ப்ஸ் மலை வரைக்கும் பரந்திருந்த மறைமாவட்டத்தைக் கழுதையிலும் கால்நடையாகவும் சுற்றினார். ஒவ்வொரு கோயிலிலும் பீடத்துச் சீலை கிழிந்திருக்கிறதா, ஞானஸ்நானத் தொட்டிக்கு மூடி இருக்கிறதா, கணக்குப் புத்தகம் எழுதுகிறார்களா என்று பார்த்துக் குறிப்பு எடுத்தார். குருமாரைப் பயிற்றக் குருமடம் வேண்டும் என்று 1563-இல் சங்கம் சொன்னது; அடுத்த வருடமே மிலானில் ஒன்று தொடங்கிவிட்டது. நம்முடைய கொழும்புத்துறைக் குருமடம் உட்பட இன்று உலகத்தில் எங்கே குருமடம் இருந்தாலும் அதன் வேர் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. ஞாயிறு மறைப்பாடசாலையை இவர்தான் கண்டுபிடித்தார் என்று சிலர் எழுதுவார்கள், நீ எழுதிவிடாதே. மிலானில் அதை 1536-இலேயே கஸ்தெல்லினோ என்ற குரு தொடங்கிவிட்டார். இவர் அதை ஊர் ஊராகப் பரப்பினார். பிள்ளைகள் மந்திரத்தோடு எழுத்தும் வாசிப்பும் படித்தது அங்கேதான்.

கேள்வி: முதுகில் சுட்டும் குண்டு பாயவில்லை என்று எங்கள் மறையாசிரியர் சொல்வார். நடந்ததா, கட்டுக்கதையா? (குருநகர்)

பதில்: சுட்டது நடந்தது. 1569 ஒக்டோபர் 26, மாலைச் செபம். வீட்டுச் சிற்றாலயத்தில் பேராயர் பீடத்துக்கு முன்னால் முழங்காலில், பின்னால் வீட்டார், பாட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. ‘உங்கள் உள்ளம் கலங்க வேண்டாம்’ என்ற வாக்கியத்தைப் பாடும்போது வெடித்தது என்பார்கள்; கதைக்குப் பொருத்தமாக இருப்பதால் அதை நான் அரை மனதோடுதான் எழுதுகிறேன். சுட்டவர் பரினா என்ற பட்டப்பெயருள்ள துறவி. ஆம், துறவி. ஹூமிலியாத்தி என்றொரு சபை, பெயருக்குத் தாழ்மையானவர்கள் என்று அர்த்தம், ஒரு காலத்தில் கம்பளி நெய்து பாடுபட்டு உழைத்தவர்கள், இவருடைய காலத்தில் கொஞ்சப் பேர் பெரிய பெரிய மடங்களின் வருமானத்தில் சுகமாக இருந்தார்கள். பேராயர் அவர்களைத் திருத்தப் போனார். அவர்கள் ஆளை முடித்துவிடப் பார்த்தார்கள்.

குண்டு உடுப்பைத் துளைத்தது, முதுகில் கண்டிப் போனது, உள்ளே போகவில்லை. பேராயர் எழும்பாமல், செபத்தை முடியுங்கள் என்றார். இதை அற்புதம் என்பவர்கள் அற்புதம் என்று வைத்துக்கொள்ளட்டும். அந்தக் காலத்துத் துவக்குகளின் தரத்தைப் படித்தவர்கள் வேறு மாதிரிச் சொல்வார்கள். சுட்டவருக்கும் கூட்டாளிகளுக்கும் மன்னிப்புக் கேட்டார் பேராயர், அரசாங்கம் கொடுக்கவில்லை, 1570-இல் தண்டனையை நிறைவேற்றிவிட்டது. 1571-இல் பாப்பரசர் ஐந்தாம் பயஸ் அந்தச் சபையின் ஆண்கள் பிரிவையே கலைத்துவிட்டார்.

கேள்வி: பாவசங்கீர்த்தனம் சொல்கிற மரக்கூண்டை இவர்தான் செய்தார் என்பது சரியா? (நாவாந்துறை)

பதில்: தச்சு வேலை செய்யவில்லை, அளவு சொன்னார். 1577-இல் கோயில் கட்டுவதற்கும் தளபாடங்களுக்கும் ஒரு நூல் வெளியிட்டார். அதில் எல்லாம் இருக்கிறது: வாசற்படி எத்தனை, திருவிளக்கு எந்த உயரம், ஆண்களும் பெண்களும் எந்தப் பக்கம். பாவசங்கீர்த்தனத்துக்கு, குருவும் சொல்பவரும் நடுவே பலகை மறைப்பு, அதில் சிறு சிறு துளை போட்ட இரும்புத் தகடு, குருவின் பக்கத்தில் அதன் மேல் மெல்லிய சீலை. கூண்டு கோயிலில் சனம் பார்க்கிற இடத்தில் இருக்க வேண்டும், மூலையில் ஒளித்து வைக்கக்கூடாது. ஏன் என்று நான் விளக்கத் தேவையில்லை. முக்கியமாகப் பெண்களின் பாதுகாப்புக்குச் செய்தது அது.

இதே நேரத்தில் நம் பக்கத்தில் என்ன நடந்தது தெரியுமா? 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாகிறது, தமிழ் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் புத்தகம், 16 பக்கம். 1579-இல் கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’. 1580-இல் பாவசங்கீர்த்தனம் எப்படிச் செய்வது என்றே தமிழில் ஒரு புத்தகம். எல்லாம் முத்துக்குளித்துறையில் இருந்த அன்றிக் அன்றிக்கஸ் சுவாமியின் வேலை. மன்னார்ப் பக்கமும் அவர் நடமாடியவர். மிலானில் தகட்டில் துளை போட்டுக்கொண்டிருந்த அதே வருடங்களில், முத்துக் குளிக்கிற பரவர்கள் தமிழில் அச்சடித்த மந்திரத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டுக்கும் பின்னால் இருந்தது திரெந்துதான்.

கேள்வி: நான் சைவன். திரெந்து, சீர்திருத்தம் என்று அழகாக எழுதுகிறீர்கள். எங்கள் நல்லூர்க் கோயிலை இடித்தவர்களும் இதே ஆட்கள்தானே? (கோண்டாவில்)

பதில்: நியாயமான கேள்வி. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைப் போர்த்துக்கேயத் தளபதி ஒலிவேரா இடித்தது 1621-இல். பொரோமியோ இறந்து 37 வருடம். அவருடைய ஆட்சி மிலானோடும் அதன் மாகாணத்தோடும் நின்றது. கீழைத்தேசத்து வேதகாரியங்கள் போர்த்துக்கல் அரசனின் கையில் இருந்தன, பாப்பரசரே அந்த உரிமையைக் கொடுத்திருந்தார். ஆகவே நேரடிப் பங்கு இல்லை.

நேரடி இல்லை என்று கைகழுவிவிடவும் ஏலாது. பொரோமியோ கர்தினாலான அதே 1560-இல் கோவாவிலிருந்த போர்த்துக்கேய அரசப்பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா படையோடு வந்து யாழ்ப்பாணத்தைத் தாக்கினார், மன்னாரைப் பிடித்துக் கோட்டை போட்டார். புத்தருடைய பல் என்று சொல்லப்பட்ட ஒன்றை இங்கேயிருந்து கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். பெகு தேசத்து (இன்றைய பர்மா) அரசன் பெரும் பொன் தருகிறேன் என்று கேட்டும் கொடுக்காமல், அடுத்த வருடம் பேராயர் முன்னிலையில் இடித்துப் பொடியாக்கினார்கள். 1567-இல் கோவாவில் முதல் மாகாணச் சங்கம் கூடியது, திரெந்துச் சட்டங்களை இந்தப் பக்கம் நடைமுறைப்படுத்தத்தான். அந்தச் சங்கம் போர்த்துக்கேய ஆட்சிக்குள் இருக்கிற இந்துக் கோயில்களை இடிக்கவும் பொதுவழிபாட்டை நிறுத்தவும் சொன்னது. ஆயர் ஊரில் இருக்க வேண்டும் என்ற சட்டமும் இந்தத் தீர்மானங்களும் ஒரே காலத்து மனிதர்கள் எழுதியவை. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். எங்கள் கத்தோலிக்க வாசகர்கள் சிலருக்கு இந்தப் பதில் பிடிக்காது, தெரியும்.

கேள்வி: ஓய்வுபெற்ற தாதி நான். 2020 ஊரடங்கில் கோயிலைப் பூட்டிவிட்டு பூசையைக் கைத்தொலைபேசியில் பார்த்தோம். இவர் கொள்ளைநோய்க்குள் சனத்தைக் கூட்டி ஊர்வலம் போனாராம். அது நோயைப் பரப்புகிற வேலை இல்லையா? ஓடாமல் நின்றது மட்டும் போதுமா? (மானிப்பாய்)

பதில்: தாதிமார் கேட்கிற கேள்வி மழுப்பலுக்கு இடம் வைக்காது. வரிசையாகச் சொல்கிறேன்.

1576 ஆகஸ்டில் மிலானில் நோய் தெரிந்தது. பேராயர் அப்போது பக்கத்து லோதி நகரில் இருந்தார், கேள்விப்பட்டதும் திரும்பினார். ஸ்பானிய ஆளுநர் விஜேவனோவுக்கு மாறிவிட்டார், காசுள்ளவர்கள் ஊர்ப்பக்கம் போய்விட்டார்கள். போனவர்களை நான் பெரிதாகத் திட்டமாட்டேன், ஓடு என்றுதான் அந்தக் காலத்து வைத்தியரே சொன்னார். ஆனால் அவர்கள் போனதோடு வேலை, கூலி, கடை எல்லாம் நின்றது. நோயில் சாகாதவன் பசியில் சாகிற நிலை. பேராயர் உயில் எழுதி வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார். வெள்ளிப் பாத்திரம், தளபாடம் விற்றார். அரண்மனைச் சுவரில் தொங்கிய சிவப்பு, ஊதாத் திரைச்சீலைகளை இறக்கி, வெட்டித் தைத்து, குளிருக்கு உடுப்பில்லாதவர்களுக்குக் கொடுத்தார். கர்தினாலின் கதவுச்சீலையில் தைத்த அங்கியோடு நடந்து திரிந்தவர்களைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

நோயாளிகளை நகர வாசலுக்கு வெளியே லாசறெத்தோ என்ற பெரிய நாற்சார் கட்டடத்தில் வைத்தார்கள், சுற்றிவர 288 அறை. உள்ளே போகக் குருமாருக்குப் பயம். அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை, கூட்டிக் கதைத்து, வருகிறவர் வரட்டும் என்றார், கப்புச்சின் சபையார் வந்தார்கள், மலைப்பகுதிகளில் இருந்தும் ஆள் எடுத்தார். தானும் போனார்.

இனி ஊர்வலம். அது நடந்தது, 1576 ஒக்டோபரில், வெறுங்காலோடும் கழுத்தில் கயிற்றோடும், ஆண்டவரைச் சிலுவையில் அறைந்த ஆணி என்று மிலானில் வணங்குகிற ஆணியைத் தூக்கிக்கொண்டு. நோய் என்பது பாவத்துக்குத் தண்டனை, பரிகாரம் செய்தால் நீங்கும் என்று அவர் மனதார நம்பினார். நான் நம்பவில்லை, நீங்களும் நம்பமாட்டீர்கள். நகரச் சுகாதாரச் சபைக்கும் அந்த யோசனை பிடிக்கவில்லை. கடைசியில் வளர்ந்த ஆண்கள் மட்டும், வரிசையாக, ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு என்று ஒரு இணக்கத்துக்கு வந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் வீட்டில். எலியும் தெள்ளும்தான் காரணம் என்று தெரிய இன்னும் 300 வருடத்துக்கு மேல் இருக்கிற காலத்தில் இந்த அளவு கட்டுப்பாடு பெரிய விஷயம். ஆனாலும் ஊர்வலம் நடந்திராவிட்டால் நல்லது என்பதே என் எண்ணம்.

உங்களுக்குப் பிடிக்கப்போவது அடுத்த பகுதி. அதே மாதக் கடைசியில் நகரமே வீட்டுக்குள் அடைந்தது, உண்மையான ஊரடங்கு. கோயிலுக்குச் சனம் வர முடியாது, சரி, கோயிலை வெளியே கொண்டுபோவோம் என்று சந்திக்குச் சந்தி பீடம் போட்டார். வீட்டுச் சன்னலில் நின்று பூசை கண்டார்கள். நாளுக்கு ஏழு தரம் கோயில் மணி அடிக்கும், தெருவில் ஒரு குரு தொடங்குவார், இந்தப் பக்கச் சன்னலும் அந்தப் பக்கச் சன்னலும் மாறி மாறிச் சங்கீதம் பாடும். பாவசங்கீர்த்தனத்துக்குக் குரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பூட்டிய வாசற்கதவுக்கு வெளியே இருப்பார், உள்ளே இருக்கிறவர் கதவுக்குப் பின்னால் நின்று சொல்வார். அந்தச் சந்திகளில் நிறுத்திய சிலுவைத் தூண்களில் சில இன்னும் மிலானில் நிற்கின்றன. பிறகு லாசறெத்தோவின் நடு முற்றத்தில் சுவரே இல்லாத எண்கோணச் சிற்றாலயம் ஒன்று கட்டுவித்தார், எந்த அறையில் படுத்திருந்தாலும் பீடம் தெரியும். கட்டடம் போய்விட்டது, சிற்றாலயம் இருக்கிறது. திறந்த பக்கங்களைப் பிறகு அடைத்துவிட்டார்கள்.

மிலானில் சுமார் 17,000 பேர் இறந்தார்கள். 1578 தொடக்கத்தில்தான் நோய் முடிந்தது என்று அறிவித்தார்கள். நின்றது மட்டும் போதுமா என்று கேட்டீர்கள். போதாது, சோறு, சீலை, ஆள், ஒழுங்கு எல்லாம் வேண்டும். ஆனால் இதில் எதையும் விஜேவனோவில் இருந்துகொண்டு செய்திருக்க முடியாது. 95-இல் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தபோது எந்தச் சுவாமி கூட நடந்து வந்தார் என்று இன்றும் பெயர் சொல்லிக் கதைக்கிற சனம் நாங்கள், இது எங்களுக்குப் புதிய விஷயம் இல்லை.

கேள்வி: மறுபக்கத்தையும் எழுதுங்களேன். மனிதர் பொல்லாதவர் என்று வாசித்திருக்கிறேன். (யாழ். நகர், பெயர் வேண்டாம்)

பதில்: பொல்லாதவர்தான். பேராயருக்குச் சொந்தமாக ஆயுதம் தாங்கிய காவலர்கள் இருந்தார்கள். கலியாணம் கட்டாமல் சேர்ந்து வாழ்கிற பொதுமக்களைக்கூட அவர்களை விட்டுப் பிடித்து அடைத்தார். இது எங்கள் வேலை என்று அரசாங்கம் சண்டைக்கு வந்தது. விட்டுக்கொடுக்காமல் 1573-இல் ஆளுநர் ரெக்கெசென்சையே திருச்சபைக்குப் புறம்பாக்கினார். ஸ்பானிய அரசனுடைய ஆளுநர் அவர், சின்ன ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பாட்டுக்கும் களியாட்டத்துக்கும் தடை. 1569-இல் ஸ்காலா கோயில் குருமார் எங்களைச் சோதிக்க உமக்கு அதிகாரம் இல்லை என்று வாசலைப் பூட்டி ஆயுதத்தோடு நின்றார்கள், பேராயர் சிலுவையைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே நடந்தார், சிலுவையில் வெடி பட்டது. தைரியம்தான். ஆனால் இப்படி ஒருவரின் கீழ் வேலை செய்ய நான் போகமாட்டேன்.

இதெல்லாம் குணம் என்று விட்டுவிடலாம். விட முடியாதது 1583. சுவிஸ் பக்கத்து மெசொல்சினாப் பள்ளத்தாக்குக்கு பாப்பரசரின் பிரதிநிதியாகப் போனார். புரட்டஸ்தாந்து வேதத்தை அகற்றுகிற பயணம், கூடவே சூனிய வழக்குகள். விசாரணை, சித்திரவதை, முடிவில் பல பெண்களை எரித்தார்கள். ரொவெரேதோ ஊரின் தலைமைக் குருவும் குற்றவாளியாக்கப்பட்டார், அவருடைய குருப்பட்டத்தைப் பேராயரே பறித்து அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். அக்காலத்தில் புரட்டஸ்தாந்து நாடுகளும் சூனியக்காரி என்று எரித்தன என்று சமாதானம் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் எரிந்த பெண்ணுக்கு அது ஒரு சமாதானம் இல்லை. 1610-இல் அவருக்கு அர்ச்சிஷ்டப் பட்டம் கொடுத்தபோது இந்தப் பயணத்தை ஒரு குறையாக யாரும் எண்ணவில்லை.

கேள்வி: எனக்குத் திக்குவாய். இவருக்கும் பேச்சு வராது என்று யாரோ சொன்னார்கள். (சில்லாலை, 10-ஆம் வகுப்பு)

பதில்: ஆம் தம்பி, நாக்குத் தடக்கும், படிக்கிற காலத்தில் ஆளை மந்தம் என்றும் நினைத்தார்கள். அந்தக் குறையோடுதான் ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் பிரசங்கம் வைத்தார். மெதுவாகப் பேசுவார், சனம் காத்திருந்து கேட்கும். நீயும் அவசரப்படாதே, மற்றவர்கள் காத்திருக்கட்டும்.

கேள்வி: சுவிசில் லுகானோவில் இருக்கிறோம். அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறா. இவருடைய இடங்களைக் காட்டலாமா? (லுகானோ வாசகி)

பதில்: இவ்வளவு கிட்ட இருந்துகொண்டு என்னைக் கேட்கிறீர்கள்! முதலில் மஜோரே ஏரிக்கரையில் அரோனா. 1538 ஒக்டோபர் 2-இல் அவர் பிறந்த கோட்டை 1800-இல் நெப்போலியன் காலத்தில் இடிபட்டது, இப்போது மதில்கள்தான். மேட்டில் அவருடைய செப்புச் சிலை நிற்கிறது, 1698-இல் முடிந்தது, பீடத்தோடு சேர்த்து 35 மீற்றர். நியூயோர்க் சுதந்திரச் சிலையைச் செய்த பார்தோல்டி வந்து இதை ஆராய்ந்துவிட்டுப் போனவர். உள்ளே ஏறித் தலைக்குள் போய்க் கண் வழியாக ஏரியைப் பார்க்கலாம். ஆனால் கடைசிப் பகுதி செங்குத்தான ஏணி. அம்மாவுக்கு முழங்கால் நோவு என்றால் கீழே வாங்கில் இருக்க விட்டுப் பிள்ளைகளை மட்டும் ஏற்றுங்கள்.

அரோனாவிலிருந்து மிலானுக்கு ரயிலில் ஒரு மணித்தியாலமளவில் போகலாம். பேராலயத்தில் பீடத்துக்குக் கீழே நிலவறை, ஸ்படிகப் பேழைக்குள் அவருடைய உடல், பேழை ஸ்பானிய அரசன் நான்காம் பிலிப் கொடுத்தது. 1584 ஒக்டோபரில் வரல்லோ மலையில் தியானத்துக்குப் போன இடத்தில் காய்ச்சல் பிடித்தது. காய்ச்சலோடேயே உங்கள் பக்கத்து அஸ்கோனாவுக்குப் போய் ஒரு கல்லூரியைத் திறந்து வைத்து, ஏரியால் வள்ளத்தில் மிலானுக்குத் திரும்பி, நவம்பர் 3 இரவு இறந்தார், வயது 46. போவதென்றால் நவம்பர் தொடக்கத்தில் போங்கள். அவருடைய வாழ்க்கையைக் காட்டுகிற பெரிய பெரிய சீலை ஓவியங்களை அந்த நேரத்தில்தான் பேராலயத் தூண்களுக்கிடையே தொங்கவிடுவார்கள். திரைச்சீலை விற்றது, நோயாளரிடம் போனது, துவக்குச் சூடு எல்லாம் அதில் இருக்கிறது, அம்மாவுக்கு இத்தாலியன் தெரியாவிட்டாலும் பார்த்துக்கொண்டே கதை சொல்லலாம். தோளும் முழங்காலும் மறைகிற உடுப்புப் போடுங்கள், வாசலில் மறிப்பார்கள்.